கரண்ட் சைக்கிளும் ஒரு பிடி மண்ணும்

மீன்பெட்டியோடு ஊரெல்லாம் திரிந்த என் மச்சான் றியாஸுக்கு, உன் கூடப்பிறந்த ராத்தாவின் மாப்பிள்ளை ஸலாம் சொல்லி எழுதுகிறேன்.

நீ போன பிறகும் சாய்ந்தமருது அப்படியேதான் கிடக்கிறது. கச்சான் காற்று இன்னும் ஓயவில்லை. கடலில் கீரிமீனும் பாரையும் நன்றாகப் படுகிறதாம். என்னைக் காண்கிறவர்களும் மாறவில்லை, மறித்து நிறுத்தி அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "காக்கா, இந்தக் கரண்ட் சைக்கிளுக்கு எவ்வளவு முடிஞ்சிது? குடுத்த சல்லிக்கு ஒத்து வருகுதா?"

கேட்கிறவனின் முகத்தில் துப்ப வேண்டும்போல வருகிறது மச்சான். அவன் பாவம், அவனுக்கு என்ன தெரியும்? துப்புவதென்றால் கண்ணாடிக்கு முன்னால் நின்றுதான் துப்ப வேண்டும்.

சீ, அதைக் கண்டாலே இப்போது குமட்டுகிறது. உன் ராத்தாவின் அலுமாரியை அறைக்குள் தள்ளிவிட்டு, முன்பக்க ஹோலின் நடுவில் உறை போட்டு அதை நிறுத்தி வைத்தேன் அல்லவா, போன கிழமை வரைக்கும் அங்கேதான் நின்றது. வீட்டுக்கு வருகிறவர்கள் கதிரையில் இருக்க முன்னமே அதைத்தான் பார்ப்பார்கள். அவர்கள் பார்க்க வேண்டும் என்றுதான் நானும் வைத்தேன். இல்லையென்று உனக்கு நான் பொய் சொல்லப் போவதில்லை. பொய் சொல்லி முடிந்துவிட்டது. அந்தப் பொய்யைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஊரும் வாசிக்கட்டும்.

முதலில், இதை ஏன் வாங்கினேன் என்று நீ கேட்டதற்கு நான் ஒரு நாளும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. கந்தோரில் முப்பது வருடத்துக்கு மேலாகப் பைல்களுக்குள் இருந்துவிட்டு ஓய்வு பெற்றேன். சீனி வருத்தம் கூடிவிட்டது, சைக்கிள் உழக்குங்கள் என்றார் டாக்டர். வீட்டுக் கோடியில் கிடந்த பழைய சைக்கிளுக்குக் காற்று அடித்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் பென்ஷனோடு ஒரு தொகைக் காசும் கைக்கு வந்திருந்தது. அந்த நேரம் பார்த்து, அறுகம்பேயில் கெஸ்ட் ஹவுஸ் வைத்திருக்கிற கூட்டாளி ஒருவன் கோல் எடுத்தான். அலைச்சறுக்கு விளையாட வந்த வெள்ளைக்காரன் ஒருவன் ஊருக்குத் திரும்புகிறானாம். தன் கரண்ட் சைக்கிளை விற்கப் போகிறானாம். இலங்கையிலேயே இப்படி நாலைந்துதான் இருக்குமாம்.

அந்த நாலைந்து என்ற சொல்லில்தான் நான் விழுந்தேன். விலையைக் கேட்டு உன் ராத்தா நெஞ்சில் கை வைத்தாள். "இந்தச் சல்லிக்கு நாம ரெண்டு பேரும் உம்றாவுக்கு மக்கத்துக்குப் போய் வந்திரிக்கலாம்" என்று ஒரு தரம் சொன்னாள். நான் கேட்காததுபோல இருந்துவிட்டேன்.

லொறியில் வந்து இறங்கியதும் முதலில் பார்க்க வந்தவன் நீ. உன்னுடைய இருபத்தெட்டு இஞ்சிச் சைக்கிளை மதிலோடு சாத்திவிட்டு, இதைச் சுற்றிச் சுற்றி வந்தாய். டயரை அமத்திப் பார்த்தாய்.

"இது என்னத்துக்குச் செஞ்ச சைக்கிள் மச்சான்?"

"மலை ஏறச் செஞ்சது. எவ்வளவு செங்குத்தா இருந்தாலும் ஏறும்."

நீ சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுப் பெண்கள் வேலியால் எட்டிப் பார்த்தார்கள். "மருதமுனையில இருந்து நிந்தவூர் வரைக்கும் எனக்கு ஒரு மேடு காட்டுங்க பாப்பம். ஆக்கள அடக்குற மையவாடியில இரிக்கிற கப்று மேட்டத் தவிர வேற மேடு நம்மட ஊர்ல இல்ல மச்சான்!"

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நீ சொன்னது சரி. கடலுக்கும் வயலுக்கும் நடுவே பாய் விரித்ததுபோலக் கிடக்கிற ஊர் இது. மலை ஏறுகிற மோட்டாரை வைத்துக்கொண்டு நான் பள்ளிவாசலுக்கும் சந்தைக்கும் போய் வந்தேன். மூன்று மாதம் கழித்துச் சீனியைப் பார்த்தால் ஒரு துளியும் குறையவில்லை. எப்படிக் குறையும்? உழக்கியது நானா? மிதியில் காலை வைத்தால் போதும், மிச்சத்தை மோட்டார் பார்த்துக்கொள்ளும். வியர்வை வராத சைக்கிளோட்டம். டாக்டர் சிரித்துவிட்டு மாத்திரையைக் கூட்டித் தந்தார்.

ஒரு வோஷர் தேய்ந்தால் ஊரில் கை வைக்க ஆளில்லை. கொழும்புக்கு எழுதி, அங்கிருந்து வெளிநாட்டுக்கு எழுதி, சாமான் வந்து சேரக் கிழமைக்கணக்காகும். கடல் காற்றில் உப்புப் படியும் என்று காலையும் மாலையும் மெல்லிய துணியால் துடைத்தேன். என் பிள்ளைகளை நான் இப்படித் துடைத்ததில்லை.

நோன்பு காலத்தில் நீ கொண்டு வந்து தந்த பெரிய பாரை நினைவிருக்கிறதா? பெட்டரியைச் சார்ஜ் பண்ண வேண்டுமென்று குளிர்சாதனப் பெட்டியின் பிளக்கைக் கழற்றினேன். திரும்பப் போட மறந்துவிட்டேன். மறுநாள் பாரை ஊதிப்போய்க் கிடந்தது. உன் ராத்தா மூக்கைப் பொத்திக்கொண்டு அதைக் குழி வெட்டித் தாட்டாள். மீன் எப்படி இருந்தது என்று நீ கேட்டபோது, "நல்ல ருசி மச்சான்" என்றேன். பொய் சொல்ல நான் அப்போதே பழகிவிட்டேன், பார்.

ஆனாலும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு நாள் அந்தச் சைக்கிள் தன் விலையைக் காட்டியது. கச்சான் தொடங்கிய கிழமை, வயலைப் பார்க்க மாவடிப்பள்ளிக்குப் போனேன். காரைதீவைத் தாண்டி வயல்வெளி ரோட்டுக்கு ஏறியதும் மேற்கிலிருந்து காற்று முகத்தில் அறைந்தது. முன்னால் போன இரண்டு பேர் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போனார்கள். நான் பொத்தானை அமத்தினேன். காற்றே இல்லாததுபோல அது ஓடியது மச்சான்! அந்த ரோட்டில், அந்தக் காற்றில் மட்டும்தான் அது உதவியது. எனக்கோ அந்த ரோட்டில் மாதத்துக்கு ஒரு நாள்கூட வேலையில்லை. வெள்ளியைத் தவிர ஒவ்வொரு நாளும் வேலை இருந்தவன் நீ.

உன்னுடைய மோட்டார் சைக்கிளை மகளின் வீட்டுக் கூரைக்காக விற்றிருந்தாய். பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் நம் பக்கத்தில் எந்த வாப்பா நிம்மதியாகத் தூங்கினான்? அதனால் பழைய சைக்கிளில் மீன்பெட்டியைக் கட்டி, ஐஸ் போட்டு, சாய்ந்தமருதுக் கரையிலிருந்து மாவடிப்பள்ளி வரை கச்சானுக்கு எதிரே உழக்கிக்கொண்டிருந்தாய்.

ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு வந்தாய். வாசலில் நின்றுகொண்டு, உள்ளே வராமல், தலையைச் சொறிந்தாய். எதையாவது கேட்க வந்தால் நீ அப்படித்தான் செய்வாய்.

"மச்சான், ஒரு விஷயம். மாவடிப்பள்ளி ரோட்டுல காத்து நெஞ்சுல கைய வெச்சித் தள்ளுது. இந்தக் கச்சான் முடியிற வரைக்கும் உங்கட கரண்ட் சைக்கிளத் தாங்களன். விடியக் கொண்டு போய்ட்டுப் பத்து மணிக்குக் கொண்டு வந்து தந்துடுவன்."

நான் என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியும். வாசிக்கிறவர்களுக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன். "ஐஸ் தண்ணி ஒழுகும். உப்புப் பட்டாப் பெட்டரி போச்சு. இதுக்குக் கெரியர் பூட்ட ஏலாது றியாஸ், ஓட்டை போட்டாப் பிறகு இத ஆரும் வாங்க மாட்டாங்க. மீன் நாத்தம் வேற. நீ கோவிக்காத."

"நான் என்னத்துக்குக் கோவிக்கிற? கேட்டுப் பாத்தன், அவ்வளவுதான்" என்றாய். பேச்சுவாக்கில், துடைப்பதற்காக நான் வாசலில் நிறுத்தியிருந்த சைக்கிளின் கைபிடியைத் தொட்டுக்கொண்டு நின்றிருந்தாய் போலிருக்கிறது. போகும்போது தோளில் கிடந்த துவாயை எடுத்து, உன் விரல் பட்ட இடத்தைத் துடைத்துவிட்டுப் போனாய்.

நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேண்டாம் மச்சான், விடு என்று ஒரு சொல் சொல்லவில்லை. என் மனதுக்குள் என்ன ஓடியது தெரியுமா? நல்ல காலம், துடைத்துவிட்டான் என்றுதான் ஓடியது. எழுதக் கை கூசுகிறது.

அதற்கு மூன்று கிழமை கழித்து, சுபஹுக்குப் பிறகு, தோணிகள் கரைக்கு வரும் நேரம் நீ உன் மீன்பெட்டியின் மேல் குந்தினாய். எழும்பவில்லை. உன்னோடு பக்கத்தில் நின்று வியாபாரம் பண்ணுகிற ஹனீபா காக்காதான் வந்து சொன்னார். "ரெண்டு நாளா நெஞ்சு பாரமா இரிக்கி எண்டவன். காத்துக்கு உழக்கினதுதான், சரியாப் போயிடும் எண்டு சொன்னவன்." ஆஸ்பத்திரியில் இதய அடைப்பு என்றார்கள். வருவது எப்படியும் வந்துதான் இருக்குமாம். அப்படியா மச்சான்? காற்றுக்கு அதில் பங்கில்லையா? எனக்குப் பங்கில்லையா? யாரிடம் கேட்பது?

அஸருக்குப் பிறகு அடக்கம் என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். நான் வெள்ளைச் சேர்ட்டை மாற்றிக்கொண்டு வெளிக்கிடும்போது உன் ராத்தா வாசலில் என் கையைப் பிடித்தாள். "பொம்புளைகளுக்கு மையவாடிக்கு வர ஏலாது. எனக்காகவும் ஒரு பிடி மண் போடுங்க. அவன் எண்ட கையில வளந்தவன்."

"ஓம்" என்றேன்.

உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் இடையில் இரண்டு ஒழுங்கை. மையவாடி கடற்கரைப் பக்கம், நடந்தால் கால் மணி நேரம். நான் எதற்கு மச்சான் அந்தச் சைக்கிளை எடுத்தேன்? சீனியால் காலில் புண், மணலில் நடக்க முடியாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஊரே கூடுகிற இடம் என்றும் மனதின் ஒரு மூலை சொல்லியிருக்கும். அந்த மூலையை நான் தோண்டிப் பார்க்க விரும்பவில்லை, அங்கே என்ன கிடக்கும் என்று எனக்குத் தெரியும்.

உன்னை வைத்த சந்தூக்கைத் தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். உனக்குச் சொந்தமில்லாதவர்கள்கூட முண்டியடித்துக்கொண்டு தோள் கொடுத்தார்கள். நான் பின்னால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தேன். இரண்டு கையும் கைபிடியில் இருந்தால் தோளை எப்படிக் கொடுப்பது?

மையவாடி வாசலில் சைக்கிள்களும் மோட்டார் சைக்கிள்களும் மதிலோடு விழுந்து கிடந்தன. ஒருவரும் பூட்டவில்லை. ஜனாஸாவுக்கு வருகிறவன் பூட்டிக்கொண்டா நிற்பான்? நான் பையில் கையை விட்டேன். பூட்டின் திறப்புச் சாவி மற்றச் சேர்ட்டில். போன கிழமைதான் சந்தையில் யாரோ ஒருவருடைய கரண்ட் ஸ்கூட்டரின் பெட்டரியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று கதை அடிபட்டது. வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"என்ன காக்கா நிக்கிறீங்க? உள்ளுக்கு வாங்க" என்று ஒருவர் தோளில் தட்டினார்.

"நீங்க போங்க. கூட்டம் குறையட்டும், வாறன்."

கூட்டம் குறையட்டுமாம்! நான் சொன்ன சொல்தான். உன்னைக் கப்றுக்குள் இறக்குகிற சத்தம் கேட்டது. பலகை வைக்கிற சத்தம் கேட்டது. அந்த நேரத்தில், பிந்தி வந்த ஆள் ஒருவர், முகம் தெரிந்தவர், பெயர் வேண்டாம், சைக்கிளைப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இது ஒரு சார்ஜுக்கு எவ்வளவு தூரம் ஓடும்?" என்றார்.

நான் பதில் சொன்னேன் மச்சான்.

உன் மேல் மண் விழுந்துகொண்டிருக்கும்போது, மூன்று வேகம் இருக்கிறது என்று சொன்னேன். முதலாவதில் வைத்தால் பெட்டரி நீண்ட நேரம் நிற்கும் என்றேன். பிரேக் எண்ணெயில் வேலை செய்கிறது, கம்பி இல்லை என்றேன். முன் லைட்டைப் போட்டும் காட்டினேன். பட்டப் பகலில், மையவாடி வாசலில். அவர் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். பிறகு உள்ளே பார்த்தால், துஆ ஓதி முடிந்து ஆட்கள் கையைத் தட்டித் தட்டி வெளியே வந்துகொண்டிருந்தார்கள். எல்லோருடைய கையிலும் ஈர மணல். சிலருக்கு முழங்கை வரைக்கும்.

உள்ளே போயிருக்கலாம். அப்போதாவது சைக்கிளை அந்த மண்ணில் போட்டுவிட்டு ஓடியிருக்கலாம். வெளியே வருகிற ஆட்களுக்கு எதிரே, நான் இப்போதுதான் போகிறேன் என்று காட்டிக்கொண்டு போக வெட்கமாக இருந்தது. அதனால் நானும் அவர்களோடு திரும்பினேன். மண் போட்டுவிட்டு வருகிறவன்போல.

உன் ராத்தா வாசலிலேயே நின்றாள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர்.

"மண் போட்டீங்களா?"

"ஓம்."

"எனக்கும்?"

"ஓம். ரெண்டு பேருக்கும் சேத்துத்தான்."

அவள் தண்ணீர் வார்த்தாள். நான் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். கழுவ ஒன்றும் இல்லாத கையை. உலகத்தில் இதைவிட அருவருப்பான வேலை ஏதும் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் தனியே நடந்து வந்தேன், உனக்குத் தெரிந்திருக்கும். உன் மேல் ஒரு பிடி மணலை வைத்தேன். காய்ந்த மணல், கச்சானுக்குப் பறந்து போனது. நேரத்துக்குப் போடாத மண்ணைப் பிறகு போட்டு என்ன? நான் அங்கே இருந்து அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே, வீட்டில் சைக்கிளுக்கு உறை போட்டேனா என்று ஒரு நினைவு வந்தது. வாயில் காறி வந்ததை அந்த இடத்தில் துப்பக் கூடாதென்று விழுங்கினேன்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் போல நான் சைக்கிளைத் தொடவில்லை. உன் வீட்டுப் பக்கம் போய் வந்தேன். வெளி ஆண்களுக்கு முகம் காட்டாமல் உன் மனைவி இத்தா இருக்கிறாள், நான் வெளி விறாந்தையில் இருந்து கதவுக்கு அப்பால் சுகம் கேட்டுவிட்டு வருவேன். உன்னுடைய பழைய சைக்கிளில் ஹனீபா காக்கா காரைதீவுக்கு மீன் கொண்டு போகிறார். லாபத்தில் பாதியை உன் வீட்டில் கொடுக்கிறார். மாவடிப்பள்ளிக்கு மட்டும் ஆளில்லை. அவருடைய வயதுக்கு அந்தக் காற்றில் ஏலாது. அங்கே உன்னிடம் வழமையாக வாங்கின பெண்கள், "றியாஸ்ட ஆக்கள் ஆரும் வர மாட்டீங்களா?" என்று கேட்டு அனுப்புகிறார்களாம்.

போன கிழமை ஹனீபா காக்காவை வீட்டுக்குக் கூப்பிட்டேன். உறையைக் கழற்றினேன். பெரிய தர்மம் செய்கிறவன்போல நின்றுகொண்டு, "காக்கா, இத நீங்க கொண்டு போங்க. கச்சானுக்கு இது நல்லா ஓடும். மாவடிப்பள்ளிக்குப் போய் வரலாம்" என்றேன்.

அவர் அதைத் தொடவே இல்லை. "எனக்கு வேணாம் தம்பி."

"ஏன் காக்கா? சும்மாதான் தாறன்."

"நான் வீட்டுக்கு வீடு நிண்டு மீன் நிறுக்கிறவன். இத ஆரு காவல் காக்கிற? றியாஸ்ட சைக்கிளெண்டா எங்கயும் சாத்திட்டுப் போகலாம்." சைக்கிளின் முன் லைட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "நீங்க மையவாடி வாசலில லைட்டப் போட்டுக் காட்டிட்டு நிண்டீங்க. நான் மண்வெட்டி எடுக்க வெளிய வந்தப்ப பாத்தன். அண்டைக்குச் சொல்லல்ல. இண்டைக்கு நீங்க கேட்டதால சொல்றன்."

நான் திரும்பினேன். தேநீர்த் தட்டோடு உன் ராத்தா நின்றாள்.

அவள் தட்டை மேசையில் வைத்தாள். ஹனீபா காக்காவைக் குடிக்கச் சொன்னாள். அந்த மனிதர் ஒரே மடக்கில் குடித்துவிட்டு ஸலாம் சொல்லிப் போய்விட்டார். பிறகு தொடங்கினாள். முப்பத்துச் சொச்ச வருடத்தில் அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

"சீ! எண்ட தம்பி மண்ணுக்குள்ள போறான், நீங்க ஆருக்கோ லைட்டப் போட்டுக் காட்டிட்டு நிண்டிரிக்கீங்க! மனுசனா நீங்க?"

நான் கையிலிருந்த உறையை மடிக்கத் தொடங்கினேன்.

"மண் போடல்ல எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். தண்ணி வாக்கக்குள்ளயே பாத்தன். கையில மண் இல்ல. நகத்துக்குள்ளயும் இல்ல. காலில புண், அதால குனிய ஏலாமப் போயிரிக்கும் எண்டு நானே உங்களுக்காகக் காரணம் தேடினன். ஒரு மாசமாத் தேடினன். இப்பதான் தெரியுது என்ன காரணம் எண்டு."

"அப்ப ஏன் கேக்கல்ல?" என்றேன், முட்டாள்போல.

"கேட்டா இன்னொரு பொய் சொல்லுவீங்க." கதிரையில் இருந்துகொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். குரல் இறங்கிவிட்டது. "அவன் உங்கட காலக் கழுவினவன்."

அந்த ஒரு சொல்லில்தான் நான் உடைந்தேன் மச்சான்.

எங்கள் கலியாணத்தன்று நான் மாப்பிள்ளையாக வந்து இறங்கியபோது உனக்குப் பதினாலு வயது இருக்கும். பெண்ணின் தம்பி மாப்பிள்ளையின் காலைக் கழுவி உள்ளே எடுக்கிற வழக்கம். நீ செம்பைத் தூக்கிக்கொண்டு வந்தாய். மற்றப் பையன்கள் பெயருக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு மோதிரத்துக்குக் கையை நீட்டுவார்கள். நீ குந்தியிருந்து, விரலுக்கு விரல், குதிக்கால் வரைக்கும் தேய்த்துக் கழுவினாய். ஆட்கள் சிரித்தார்கள். "ராத்தாட வீட்டுக்குள்ள ஊத்தை போகப்படாது" என்று நீ சொன்னது எனக்கு இன்னும் கேட்கிறது. நான் போட்ட மோதிரம் உன் விரலுக்குப் பெரிது, நூல் சுற்றிப் போட்டுக்கொண்டு திரிந்தாய்.

பிறகு அந்த மோதிரத்தை விற்றுத்தான் இருபத்தெட்டு இஞ்சிச் சைக்கிளை வாங்கினாய். என்னிடம் வந்து, "மச்சான், உங்கட மோதிரத்துல இப்ப நான் ஏறி ஓடுறன்" என்று சிரித்தாய். அதில் மீன் விற்று ஒரு குடும்பத்தைப் பார்த்தாய், பிள்ளைகளைப் படிப்பித்தாய், மகளுக்குச் சுவர் எழுப்பினாய். இப்போதும் ஹனீபா காக்காவின் கீழே அது ஓடிக்கொண்டிருக்கிறது. கொடுத்த காசுக்கு ஒத்து வந்த சைக்கிள் நம் குடும்பத்தில் அது ஒன்றுதான்.

என்னுடையது ஒத்து வருகிறதா என்று கேட்கிறவர்களுக்கு இனிப் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. அது நல்ல சைக்கிள். அதன் மோட்டாரில் குற்றமில்லை, பெட்டரியில் குற்றமில்லை. இந்த ஊரில் அதற்கென்று ஒரே ஒரு வேலைதான் இருந்தது. அந்த வேலையை அது செய்யவிடாமல் நான் அதைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஹனீபா காக்கா வந்துபோன அன்று பின்னேரமே கெரியர் பூட்டக் கொண்டு போனேன். ஊரில் இரண்டு கடையில் மறுத்துவிட்டார்கள். "இவ்வளவு விலையான சாமானில ஓட்டை போட எங்களுக்குப் பயம் காக்கா" என்றார்கள். கடைசியில் பெரியநீலாவணையில் வெல்டிங் கடை வைத்திருக்கிற ஒருவரிடம் போனேன். தோணிக்கு இரும்பு வேலை செய்கிறவர். என்ன விலை என்று கேட்காத முதல் ஆள் அவர்தான். "என்ன பாரம் ஏத்தப் போறீங்க அண்ணன்?" என்று மட்டும் கேட்டார். "மீன்பெட்டி" என்றேன். "அப்ப தடிச்ச கம்பியாப் போடுவம்" என்று டிரில்லை எடுத்தார்.

பளபளவென்று இருந்த அந்தச் சட்டத்தில் டிரில் இறங்கியபோது நிறுத்தச் சொல்லி என் கை நீண்டது. உன்னைக் கப்றுக்குள் இறக்கும்போது நீளாத கை. அதையும் நீ தெரிந்துகொள். என்னை இன்னும் நம்பாதே.

உன் ராத்தா இன்னும் என்னோடு ஒழுங்காகக் கதைக்கவில்லை. சோறு போடுகிறாள், அவ்வளவுதான். நேற்று விடிய, முதல் தரம் மீன்பெட்டியைக் கட்டிக்கொண்டு மாவடிப்பள்ளிக்குப் போனேன். ஐஸ் தண்ணீர் ஒழுகிப் பெட்டரியின் மேல் வடிந்தது. நான் துடைக்கவில்லை. எனக்கு நிறுக்கத் தெரியாது, வெட்டத் தெரியாது, "மீனேய்" என்று கூப்பிட வாயே வரவில்லை. கந்தோர்க்காரன் குரல். உன் பெண்களில் ஒருத்தி வேலிக்கு வந்து, "றியாஸ்ட மச்சானா? தராசச் சரியாப் பிடிங்க" என்று ஏசிவிட்டு, அரைக் கிலோக் கீரி வாங்கினாள். மிச்சத்தில் பாதியைத் திருப்பிக் கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது கை முழுக்கச் செதில். உன் ராத்தா வாசலுக்கு வந்து என் கையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். வாளியை எடுத்து வந்து திண்ணையில் வைத்தாள். வார்க்கவில்லை. "நீங்களே கழுவுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதுவும் போதும் மச்சான், எனக்கு.

உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன். கச்சான் முடியும் வரைக்கும் அல்ல, நீ பாதியில் விட்டுப்போன உன் மகளின் வீட்டுக்குக் கதவு போடும் வரைக்கும் மாவடிப்பள்ளி ரோட்டை நான் விட மாட்டேன். வருகிற வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு உன்னிடம் வருவேன். சைக்கிளை மற்றதுகளோடு மதிலில் போட்டுவிட்டு, பூட்டாமல், திரும்பிப் பார்க்காமல் உள்ளே வருவேன். யாரும் கொண்டு போக மாட்டார்கள், பயப்படாதே. இப்போது அது உன்னைப் போலவே நாறுகிறது.

நீ கழுவி விட்ட காலோடும், உனக்கு மண் போடாத கையோடும்,
உன் ராத்தாவின் மாப்பிள்ளை,
உன் மச்சான்.